டிரெஸ் வேற, ஸ்டாட்ஸ் வேற

ஹாஸ்டல்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ஆர்பிஜி விளையாடுறவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஒரு வாரம் முட்டி மோதி ஒரு ஹெல்மெட் வாங்குவோம். ஆர்மர் எக்கச்சக்கம், ஆனா பார்க்க பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கும். பழைய ஹெல்மெட் செம அழகு, அதைப் போட்டா முதல் பாஸ் கிட்டயே காலி. நீங்க எதைப் போடுவீங்க? பக்கெட்டைத்தான்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல 2007-ல பர்னிங் க்ரூசேட் வந்தப்போ இது உச்சத்துக்குப் போச்சு. நல்ல ஸ்டாட்ஸ் இருக்கிற ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு கலர். மொத்தமா போட்டுக்கிட்டு நின்னா கோமாளிதான். 2011 நவம்பர்ல 4.3 பேட்ச்ல டிரான்ஸ்மாக் வந்துச்சு. ஸ்டாட்ஸ் புது ஐட்டத்தோடது, தோற்றம் பழைய ஐட்டத்தோடது. ஆனா துணி போடுற மேஜ், இரும்புக் கவசம் போட்ட மாதிரி காட்டிக்க முடியாது. 2014-ல ஃபைனல் ஃபேன்டஸி 14-லயும் 'கிளாமர்'னு இதே விஷயம் வந்துச்சு.

இது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். என் ரூம்மேட் ஒத்துக்க மாட்டான். "ஒருத்தனைப் பார்த்தாலே எவ்ளோ உழைச்சிருக்கான்னு தெரியணும்டா, அதுதான் மரியாதை"ம்பான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. முக்கியமா எதிரியோட மோதுறப்போ கண்ணுக்குத் தெரியறது பொய் சொல்லக் கூடாது. கில்ட் வார்ஸ் 2-ல பிவிபி-க்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு: எதிரி என்ன அலங்காரம் பண்ணியிருந்தாலும் உங்க ஸ்கிரீன்ல சாதாரண உருவமாத்தான் தெரிவான். ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்ல.

நமக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஃப்ரீ ஃபயரையே எடுத்துக்கோங்க. ஆர்பிஜி இல்லதான், ஆனா அங்க கன் ஸ்கின்லயே டேமேஜும் ரீலோடும் ஏறி இறங்கும். பிஜிஎம்ஐ-ல ஸ்கின் வெறும் அலங்காரம். எனக்கு ரெண்டாவதுதான் நேர்மையாப் படுது. அழகுக்குக் காசு கேளுங்க, குடுக்கிறவன் குடுக்கட்டும். பலத்தை அழகுக்குள்ள ஒளிச்சு விக்காதீங்க.

அப்போ தோற்றத்தையும் தரத்தையும் பிரிச்சா எல்லா இடத்துலயும் நல்லதுதானா? இங்கதான் எனக்கு இடிக்குது.

எங்க ஊரு செய்யார். மாமாவுக்கு ஆரணியில பட்டுத்தறி. போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கு மாமா தறியில வேற ஆர்டர் ஓடிட்டிருந்துச்சு. அதனால அம்மா ஒரு கடையில முகூர்த்தப் பட்டு எடுத்தாங்க, ஒரிஜினல் ஜரிகை விலைக்கு. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாமா புடவையை மடியில போட்டு, முந்தானை ஓரத்துல ஒரே ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால சுரண்டினார். அசல் ஜரிகைன்னா உள்ள சிவப்புச் சாயம் ஏத்தின பட்டு நூல் இருக்கும், அது மேல வெள்ளி, அதுக்கு மேல தங்க முலாம். இதுல செம்பு பல்லைக் காட்டுச்சு. உள்ள சிவப்பே இல்ல.

"அக்காகிட்ட சொல்லாதடா, நாளைக்கு முகூர்த்தம்"னார். நானும் சொல்லல.

புடவையில சில்க் மார்க் லேபிள் இருந்துச்சு. அதுவும் பொய் இல்ல, துணி சுத்தமான பட்டுதான். சில்க் மார்க் பட்டுக்கு மட்டும்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்ல. கைத்தறியா விசைத்தறியான்னும் அது சொல்லாது, அதுக்குத் தனியா ஹேண்ட்லூம் மார்க் இருக்கு. இதெல்லாம் அன்னைக்கு ராத்திரிதான் எனக்கே தெரியும், அதுவும் தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு!

வார்கிராஃப்ட்ல டிரான்ஸ்மாக் பண்ணின ஐட்டம் மேல மவுஸை வச்சா, இது எதோட தோற்றத்துக்கு மாத்தினதுன்னு பிங்க் எழுத்துல வரும். உண்மையான பேரும் ஸ்டாட்ஸும் அதுலயே இருக்கும். நான் டிரான்ஸ்மாக்குக்கு சப்போர்ட் பண்றதே அந்த ரெண்டு வரியை நம்பித்தான். விலைகுறைஞ்ச ஜரிகையில தப்பே இல்ல, பட்ஜெட் இல்லாதவங்களுக்கு அது பெரிய உதவி. 'இது அதுதான்'னு சொல்லி, அதுக்கான விலைக்கு விக்கணும், அவ்ளோதான்.

அம்மா இந்த இதழைப் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதுறேன். வர்ற தை மாசம் சித்தி பொண்ணுக்குக் கல்யாணம். "எனக்குத் தெரிஞ்ச நல்ல கடை இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்"னு அம்மா சித்திக்கு வாக்கு குடுத்திருக்காங்க. இந்த தடவை ஊருக்குப் போனதும் சொல்லிடணும்.