பல்கலைக்கழக விடுதிகள்: மாலை ஆறு மணிக்குப் பிறகு அங்கே யாருடைய நிர்வாகம்?

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் நமது ஊர்களில் இரண்டு விதமான பேச்சுக்களைக் கேட்கலாம். ஒன்று முகநூலிலும் பாடசாலை மதிலில் தொங்கும் பதாகையிலும் நடப்பது: மருத்துவத்துக்கு இத்தனை பேர், பொறியியலுக்கு இத்தனை பேர். மற்றது வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் நடப்பது. "பிள்ளைய மாத்தறைக்கு அனுப்புறதா? அங்க எங்க தங்குற? சாப்பாடு எப்படி? ராகிங் இருக்காம் தானே?" முதலாவது பேச்சு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். இரண்டாவதுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல ஆளில்லாததால் சில வீடுகளில் பிள்ளையின், குறிப்பாகப் பெண் பிள்ளையின், பல்கலைக்கழக அனுமதியே கைவிடப்படுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வருடப் படிப்பு ஓர் இரவுப் பேச்சில் முடிவுக்கு வருகிறது.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் பெற்றோரைப் பிற்போக்குவாதிகள் என்று ஒதுக்குவது இலகுவானது. ஆனால் அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பயப்படும் இடம்தான் பல வேளைகளில் தவறாக இருக்கிறது.

பேராதனையிலிருந்து ஆரம்பிப்போம். 1942 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு நகர்ந்தபோது, அதன் முதலாவது உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் மனதில் இருந்தது மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். விரிவுரை மண்டபத்துக்கு நிகரான கல்விக்கூடமாக விடுதி கருதப்பட்டது. பொறுப்பாளர் விடுதிக்கு அருகிலேயே வாழ்வார், மாணவர்கள் ஒரே மேசையில் உண்பார்கள், காலியில் இருந்து வந்தவரும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவரும் ஒரே அறையில் இருப்பார்கள். இராமநாதன், அருணாசலம், ஜயதிலக்க, சங்கமித்தா என்ற பெயர்களோடு நீதியரசர் எம்.ரி. அக்பரின் பெயரிலும் அங்கே ஒரு விடுதி இருக்கிறது. அந்தப் பெயர்ப்பட்டியலே ஒரு நாட்டைப் பற்றிய கனவு.

அந்தக் கனவு சிறியதொரு மாணவர் தொகையைக் கணக்கில் வைத்துக் கண்டது. இன்று பேராதனையில் மட்டும் மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. நாட்டில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை இசட் புள்ளியும் விருப்ப வரிசையும் தீர்மானிக்கின்றன. ஆகவே கிண்ணியாப் பிள்ளை பெலிஹுல்ஓயாவுக்கும், புத்தளத்துப் பிள்ளை பதுளைக்கும், அக்கரைப்பற்றுப் பிள்ளை மாத்தறை வெல்லமடமவுக்கும் போக வேண்டி வருகிறது. அனுமதிகள் பெருகிய வேகத்தில் கட்டில்கள் பெருகவில்லை. இருவருக்கென்று கட்டிய அறையில் நால்வர் இருப்பது பல இடங்களில் சாதாரணம்.

கட்டில் கிடைத்த பிள்ளையின் நாள் எப்படி இருக்கும்? அதிகாலையில் குளியலறை வரிசை. தண்ணீர் நிற்கும் நாட்களில் வாளியோடு தாங்கியடிக்கு ஓட்டம். அறையில் சமைக்கத் தடை, ஆனாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு ரைஸ் குக்கர் இருக்கும். வார்டன் வரும் நாளில் அது உடுப்புப் பெட்டிக்குள் போகும். சிற்றுண்டிச்சாலையில் ஹலால் இறைச்சி இல்லையென்றால் மாதக்கணக்கில் பருப்பு, சம்பல், முட்டை, மீன்தான். சஹருக்கு முதல் நாள் இரவே சோற்றை வாங்கி வைத்துவிட்டு, மூன்றரை மணிக்கு அறைத் தோழியின் தூக்கம் கலையாமல் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சாப்பிட வேண்டும். அந்த அறைத் தோழி ஹம்பாந்தோட்டையில் இருந்து வந்த சிங்களப் பிள்ளையாக இருக்கலாம். இரண்டாம் நோன்பிலிருந்து அவளே எழுப்பிவிடுவாள் என்பதும் நடக்கும். இவ்வளவும் கஷ்டம்தான், ஆனால் தாங்கக்கூடிய கஷ்டம். பிள்ளைகள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வதும் இவற்றைத்தான். பெற்றோர் அதிகம் கவலைப்படும் சாப்பாடும் தொழுகை இடமும் பெரும்பாலும் இரண்டொரு மாதத்தில் ஒருவாறு தீர்ந்துவிடுகின்றன. முஸ்லிம் மஜ்லிஸ்கள் இந்த விடயத்தில் செய்யும் வேலை பெரியது.

கடினமான விடயம் வேறு. விடுதிப் பொறுப்பாளர் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். விரிவுரை, ஆய்வு, பரீட்சைத் தாள் எல்லாவற்றுக்கும் மேல் இது அவருக்கு இன்னுமொரு பொறுப்பு. மாலையில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். உப பொறுப்பாளர் ஒருவரும் வாயிற்காவலர் ஒருவரும் சில நூறு மாணவர்களோடு எஞ்சுவார்கள். ஆறு மணிக்குப் பிறகு விடுதியை உண்மையில் நடத்துவது சிரேஷ்ட மாணவர்கள். எந்தப் படிக்கட்டால் ஏறுவது, என்ன செருப்பு அணிவது, யாரோடு கதைப்பது என்பதை முதலாம் வருட மாணவருக்கு அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

பகிடிவதை எப்படி முடியக்கூடும் என்பதற்கு இந்த நாட்டில் சாட்சிகள் போதும். 1975 இல் பேராதனை இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதையிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின்னர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 2002 இல் ஸ்ரீ ஜயவர்தனபுரவில் பகிடிவதையை எதிர்த்த மாணவர் தாக்கிக் கொல்லப்பட்டார். 2020 இல் அங்கேயே ஒரு முதலாம் வருட மாணவர் படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதித் தலையில் படுகாயமடைந்தார். 2025 இல் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து மாணவர்கள் கைதாகினர். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு 2 வருடம் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் 10 வருடம் வரையும் சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. சட்டம் இயற்றப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சட்டத்தில் குறை தேடுவதை விட, முறைப்பாடு செய்யும் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பது பொருத்தம்.

அதற்கான விடை 'குப்பி' என்ற சொல்லில் இருக்கிறது. பரீட்சைக்கு முன் சிரேஷ்டர்களோ சக மாணவர்களோ சேர்ந்து பாடம் சொல்லிக்கொடுப்பதைப் பல்கலைக்கழக மாணவர்கள் குப்பி என்பார்கள். பாடசாலையில் தமிழில் உயிரியல் படித்துவிட்டு வரும் பிள்ளை திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறாள். விரிவுரையாளர் சொன்னது பாதியும் விளங்காத முதல் மூன்று மாதத்தில் அவளைக் கரையேற்றுவது குப்பியும், சிரேஷ்டர்களிடமிருந்து வரும் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும்தான். இரவில் காய்ச்சல் என்றால் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவதும், இரண்டாம் வருடத்தில் போர்டிங் தேடித் தருவதும் சிரேஷ்டர்கள்தான். நிர்வாகம் செய்யவேண்டிய வேலைகளை அவர்கள் செய்கிறார்கள். அதற்கான கூலியைப் பணிவாக அறவிடுகிறார்கள். பகிடிவதைக்கு உட்பட மறுப்பவருக்கு பேராதனையில் 'அலயா' என்று பெயர். அடி விழாவிட்டாலும் அவரோடு யாரும் கதைக்க மாட்டார்கள், குப்பி கிடையாது, குறிப்பு கிடையாது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைக்கு அடியை விட அந்தத் தனிமை பயங்கரமானது. அதனால்தான் பிள்ளைகள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து "ஒன்றுமில்ல உம்மா, எல்லாம் நல்லம்" என்கிறார்கள். அதனால்தான் அடுத்த வருடம் அவர்களில் பலர் அதே படிக்கட்டில் மறுபக்கம் நிற்கிறார்கள்.

கட்டில் பற்றாக்குறையை எதிர்த்து வீதிக்கு இறங்குவதும் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம்தான். பல பீடங்களில் இந்த உபகலாசாரத்தின் நிழலில் ஆள் சேர்ப்பதும் அதே அரசியல்தான். அவர்களுடைய விடுதிக் கோரிக்கை நியாயமானது. ஆனால் பற்றாக்குறை தீர்ந்து ஒவ்வொரு விடுதியிலும் முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர் இரவில் இருந்தால், சிரேஷ்டரின் தயவு யாருக்குத் தேவைப்படும்?

நம்மவர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். "எங்கட நானாமார் தானே கதைப்பாங்க, பயப்பட ஒன்றுமில்ல" என்று சில பெற்றோர் ஆறுதல்படுகிறார்கள். முஸ்லிம் மாணவரை முஸ்லிம் சிரேஷ்டரிடமே ஒப்படைக்கும் வழக்கம் சில பீடங்களில் இருக்கிறது. கெட்ட வார்த்தை குறையலாம், தொழுகை நேரத்துக்கு விடலாம். தொழ விடுகிறார்கள் என்பதற்காக அது பகிடிவதை இல்லையென்று ஆகாது. இஷாவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளையைக் குனிந்த தலையோடு நிற்க வைப்பவரின் பெயர் முஹம்மத் என்பதில் என்ன ஆறுதல்? மஜ்லிஸ்கள் புதுமுக மாணவர்களை வரவேற்கும் நிகழ்வுகளை அழகாக நடத்துகின்றன. பகிடிவதை செய்பவர் மஜ்லிஸில் பதவி வகிக்க முடியாது என்று யாப்பில் ஒரு வரி சேர்ப்பது அதைவிடக் கடினமானது.

அடுத்தது ஒலுவில். யுத்த காலத்தில் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் தொடர்ந்து படிக்க முடியாமற்போன நமது மாணவர்களுக்காகவே மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியில் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. தங்க இடமில்லாத பிள்ளைகளின் கதையில் பிறந்த நிறுவனம் அது. இன்று அங்கே தெற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சிங்கள மாணவர்கள் கணிசமாக வருகிறார்கள். மொழி தெரியாத ஊர், பழக்கமில்லாத சாப்பாடு, அதிகாலை பாங்கு. குருநாகல் வீட்டில் ஓர் அம்மா நமது உம்மாமார் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் மகளை பஸ் ஏற்றியிருப்பார். ஒலுவிலிலும் அட்டாளைச்சேனையிலும் நிந்தவூரிலும் அறை வாடகைக்கு விடுவோர், மாத்தறையில் நமது பிள்ளைக்கு எப்படிப்பட்ட வீட்டுக்காரர் அமைய வேண்டுமென்று விரும்புகிறார்களோ அப்படி நடந்துகொள்கிறார்களா என்று ஊர் ஜமாஅத்கள் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளின் விடயத்துக்கு வருவோம். பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களில் பெரும்பான்மையினர் இன்று பெண்கள். பெண்கள் விடுதியில் இரவு வாசல் மூடப்படும் நேரம் இருக்கும், வெளியேறவும் திரும்பவும் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். ஆண்கள் விடுதியில் இதெல்லாம் பெயரளவில்தான். இது சமத்துவமா என்ற வாதம் தனியானது. ஒரு வாப்பாவின் பார்வையில், பல்கலைக்கழக விடுதியே மகளுக்குக் கிடைக்கக்கூடிய மிகவும் ஒழுங்கான இடம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் விடுதியில் முன்னுரிமை கொடுப்பது முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும். பகிடிவதைக்கு இலக்காகும் வருடத்தில் பிள்ளையை உள்ளே வைத்து, சுதாரித்துக்கொண்ட பிறகு வெளியே அனுப்புகிறார்கள். முதல் வருடத்தில் துணிந்து அனுப்பிய பெற்றோர் இரண்டாம் வருடத்தில் தடுமாறுவது இதனால்தான். மஹாபொல புலமைப்பரிசில் 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. கொழும்பில் ஒரு கட்டிலின் வாடகைக்கே அது போதாது. எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை, முன்பின் தெரியாத வீட்டுக்காரர், இரவு ஏழு மணிக்கு ஆய்வுகூடம் முடிந்து தெருவிளக்கில்லாத பாதையில் நடை. பெற்றோர் பயப்பட வேண்டிய இடம் இதுதான். இங்கேதான் சமூகத்தால் ஏதாவது செய்யவும் முடியும்.

நம்மிடம் கட்டடம் கட்டும் பழக்கம் உண்டு. பள்ளிவாசலுக்கு இரண்டாம் மாடி, மத்ரஸாவுக்கு மூன்றாம் மாடி என்று தனவந்தர்கள் கொடுக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. மாத்தறையிலோ பதுளையிலோ மிஹிந்தலைக்கு அருகிலோ இருபது மாணவிகள் தங்கக்கூடிய ஒரு வீட்டை நீண்டகால வாடகைக்கு எடுத்து, சம்பளத்துக்கு ஒரு மேற்பார்வையாளரை வைத்து, நியாயமான கட்டணத்துக்கு விடுவதற்கு அதைவிடக் குறைந்த பணமே தேவை. கட்டடம்கூட வேண்டாம். உள்ளூர்ப் பள்ளிவாசல் நிர்வாகம் நம்பகமான போர்டிங் வீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்து, வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துப் புதுப்பித்தாலே நூறு வீடுகளின் இரவுப் பேச்சு மாறிவிடும்.

இந்த வருடம் பிள்ளையை அனுப்பப்போகும் வாப்பா, உம்மாவுக்கு: பதிவு நாளில் பிள்ளையோடு போனால் கட்டிலையும் மின்விசிறியையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். விடுதிப் பொறுப்பாளர் யார், இரவில் விடுதியில் தங்குவது யார், அவருடைய இலக்கம் என்ன, எந்த வருடத்தில் விடுதி இல்லாமல் போகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அதே பீடத்தில் படித்து வெளியேறிய ஒரு தாத்தாவையோ நானாவையோ தேடி, பிள்ளைக்குத் தனியாக அறிமுகம் செய்து வையுங்கள்; பட்டம் முடித்தவருக்குப் பிள்ளையின் பணிவு தேவைப்படாது, அவரிடம் பழைய குறிப்புகளும் இருக்கும். பிள்ளை தொலைபேசியில் "எல்லாம் நல்லம்" என்று மூன்று நாள் தொடர்ந்து ஒரே குரலில் சொன்னால், நான்காம் நாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.