கிளிப் போட்டால் டிரம்பெட்டை விட வேண்டுமா?

நம் சங்கக் குடும்பங்களில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பலர் இப்போது பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்கிறார்கள். வரிசை தவறிய பல்லைச் சீர்செய்வது நல்லதே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏறக்குறைய இதே வயதில்தான் பள்ளிகளில் பேண்டு வாத்தியத்துக்கும் ஆள் சேர்க்கிறார்கள். கிளிப் போட்ட மறுவாரமே, "வாய் புண்ணாகிறது, இனி ஊத வேண்டாம்" என்று டிரம்பெட்டைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிடும் பெற்றோரைப் பார்க்கிறேன். இது அவசர முடிவு, வேண்டாத முடிவு என்பது என் கருத்து.

சங்கடம் உண்மையானதுதான். நாதஸ்வரத்தில் சீவாளி தனியாக இருக்கிறது. பித்தளை வாத்தியத்திலோ உதடேதான் சீவாளி. அது அதிர்ந்தால்தான் ஒலி. அந்த உதட்டுக்கு முன்னால் மவுத்பீஸின் விளிம்பு, பின்னால் பல். வழவழப்பாக இருந்த பல்லின் மேல் இப்போது மேடும் முனையுமாக உலோகம். நடுவில் அகப்பட்ட உதடு புண்ணாகாமல் என்ன செய்யும்? டிரம்பெட் மவுத்பீஸின் உள்விட்டம் சுமார் 16, 17 மில்லிமீட்டர்தான். டிராம்போனுக்கு 25, டியூபாவுக்கு 32 வரை வரும். ஆகவே டிரம்பெட், பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறவர்களுக்கே அவதி அதிகம். போதாததற்கு நம் தில்லிக் குளிரில் உதடு வெடிக்கும். குளிர்ந்த பித்தளையில் சுருதியும் இறங்கும். ஜனவரி 26 அணிவகுப்பும் அந்தக் குளிரில்தான்.

ஆனாலும் இது வாத்தியத்தை விடுவதற்குக் காரணமாகாது. ரயில்வேயில் பாதையைப் புதுப்பித்து, ஜல்லியைச் சலித்துப் போட்டதும் அந்த வழியை மூடிவிடுவதில்லை. காஷன் ஆர்டர் கொடுத்து, முதலில் மணிக்கு 20 கிலோமீட்டரில் வண்டியை ஓட்டுவோம். ஜல்லி இறுக இறுக 45, 75 என்று உயர்த்தி, பிறகு வழக்கமான வேகத்துக்கு விடுவோம். புதுக் கிளிப் போட்ட வாய்க்கும் இதே முறைதான் பொருந்தும்.

முதல் சில நாள் புண்ணாறட்டும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும். உறுத்தும் முனைகளில் மருத்துவர் தரும் மெழுகை உருட்டி ஒட்டிக்கொள்ளலாம். பிறகு ஐந்து நிமிடம் ஊதி, ஐந்து நிமிடம் ஓய்வு. நடு ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்கள் மட்டும் போதும். மேல் ஸ்தாயி முதலில் போய்விடும், கடைசியில்தான் திரும்பி வரும். அதைத் துரத்தக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் பழகிவிடுகிறது. சிலருக்கு மாதங்கள் ஆகலாம்.

இதில் ஒரு லாபமும் உண்டு. மேல் ஸ்வரம் வராதபோது மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துவது பிள்ளைகளின் கெட்ட பழக்கம். அந்த அழுத்தம் பெரிய வித்வான்களின் உதட்டையே கெடுத்திருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கும் அந்தத் தொல்லை இருந்தது. கிளிப் போட்ட பிள்ளையால் அழுத்தவே முடியாது. மூச்சின் பலத்தாலும் உதட்டோரத் தசைகளின் பிடிப்பாலும் ஊதக் கற்றே ஆகவேண்டும். கம்பியே கண்டிப்பான வாத்தியாராகிவிடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை என்ன வாத்தியம் ஊதுகிறது என்பதைப் பல் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பியை இறுக்குவார்கள்; அந்தத் தேதி விழாவுக்கு முந்தைய வாரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துக் கிளிப்பைக் கழற்றும்போதும் வாய் மறுபடி பழக நாள் ஆகும். அதையும் பரீட்சை, போட்டித் தேதிகளுக்கு ஒதுக்கியே வையுங்கள்.

பேண்டு மாஸ்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அறிந்த ஒரு பையனை, கிளிப் போட்ட உடனே டிரம்பெட் வரிசையிலிருந்து எடுத்துக் கொடி பிடிக்க நிறுத்திவிட்டார்கள். அவன் மறுபடி வாத்தியத்தைத் தொடவில்லை. மூன்றாம் டிரம்பெட்டின் கீழ் ஸ்வரங்களைக் கொடுத்திருந்தால் அவன் வரிசையிலேயே இருந்திருப்பான்.

"போகட்டும், படிப்பைப் பார்க்கட்டும்" என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மாற்றலில் ஊர் விட்டு ஊர் வரும் நம் பிள்ளைகள் பாதி வருடத்தில் புது வகுப்பில் போய் உட்காருகிறார்கள். இந்தி சரளமாக வராது, பேசினால் சிரிப்பார்கள். பேண்டில் அந்தக் குறை இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே நொட்டேஷன், ஒரே தாளம். முதல் சிநேகிதன் அங்கேதான் கிடைக்கிறான். அந்த இடத்தைச் சில வார வலிக்காகப் பிடுங்கிவிட்டால், பல் வரிசையாக நிற்கும். பிள்ளை வரிசைக்கு வெளியே நிற்பான்.

நம் பொங்கல் விழாவில் கிளிப் போட்ட பிள்ளைகளையும் மேடையேற்றலாமே. நடு ஸ்தாயியில் நாலு வரி ஊதினால் போதும். ஒன்றிரண்டு ஸ்வரம் பிசிறினாலும் நாம் கைதட்டுவோம்.