வெளுத்த பம்பரும் நமது கொடுக்கல் வாங்கலும்



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் முன்னால் நிற்கும் வாகனங்களை ஒருதரம் பாருங்கள். பெயின்ட் பளபளக்கும். ஆனால் பம்பரின் கீழ்ப்பகுதி, மட்காட் ஓரம், வைப்பருக்கு அடியிலுள்ள கறுத்த பிளாஸ்டிக் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். இதில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. நமது காசும் நமது நாணயமும் இதில் இருக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதன் பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் நம்மில் அநேகருக்கு எட்டாத விலை. ஆகவே நம்மிடம் உள்ள பத்து, பதினைந்து வருடப் பழைய வாகனம்தான் இன்னும் பல காலம் ஓடவேண்டும். சில குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்தே அதுதான். அதைப் பேணுவது ஆடம்பரமல்ல. பேணாமல் பாழாக்குவதுதான் வீண்விரயம்.

முதலில் அது ஏன் வெளுக்கிறது என்று விளங்கிக்கொள்வோம். இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் என்ற பல்பகுதியத்தால் ஆனவை. கறுப்பு நிறத்துக்காகக் காபன் தூள் கலந்திருப்பார்கள். மேலே பெயின்ட் கிடையாது. வெயிலிலுள்ள கழியூதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து மேற்பரப்பிலுள்ள நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. மேல்தோல் நுண்ணிய வெடிப்புகளோடு மாவுபோல் ஆகிறது. அதில் ஒளி பட்டுச் சிதறும்போது நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. ஆக, இது வெறும் அழுக்கல்ல, கழுவினால் போய்விட. தோல் பழுதாகியிருக்கிறது.

இதற்கு நமதூரில் நடக்கும் வைத்தியம் என்ன? டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், சப்பாத்துப் பொலிஷ். பூசியவுடன் கறுப்பாகும், உண்மைதான். எண்ணெய் அந்த வெடிப்புகளை நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது, அவ்வளவுதான். இரண்டு மழையில் கழுவுண்டு போய்விடும். அதற்குள் ரோட்டுத் தூசி முழுவதையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். டீசலும் மண்ணெண்ணெயும் பக்கத்திலுள்ள ரப்பர் பீடிங்கை ஊதவைத்துப் பழுதாக்கும். இன்னும் சிலர் ஹீட் கன்னால் சூடு காட்டுகிறார்கள். மேல்தோல் இளகிக் கறுப்பு திரும்பும், ஆனால் பாதுகாப்பு எதுவும் சேராது. கொஞ்சம் பிசகினால் பிளாஸ்டிக் நெளியும், பக்கத்துப் பெயின்ட் கொப்புளிக்கும். இந்த வேலையை வீட்டில் செய்யாமலிருப்பதே நல்லது.

சரியான வழி கஷ்டமானதல்ல. நிழலில், வாகனம் சூடாறிய பிறகு தொடங்குங்கள். வாகன ஷாம்பூவும் மென்மையான பிரஷும் கொண்டு பொழிவுகளுக்குள் இருக்கும் அழுக்கு, பழைய எண்ணெய், காய்ந்த வெக்ஸ் எல்லாம் போகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் துடையுங்கள். பக்கத்துப் பெயின்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிறகு பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் மருந்தை, முதலில் மறைவான ஒரு மூலையில் பூசிப் பார்த்து, மெல்லிய பூச்சாகப் போடுங்கள். மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, போத்தலில் சொல்லியிருக்கும் நேரம்வரை நனையவிடாதீர்கள்.

கடையில் மூன்று விதம் உண்டு. தண்ணீர்ப் பதத்திலுள்ள சாதாரண டிரெஸ்ஸிங் மலிவு, சில கிழமைகள்தான் நிற்கும். சாயம் கலந்தவை கூடுதலாகத் தாங்கும், ஆனால் கையிலும் பெயின்டிலும் பட்டால் போகாது. செரமிக் வகை விலை கூட, சரியாகப் பூசினால் மாதக்கணக்கில் நிற்கும். எதை வாங்கினாலும் கழியூதாக் கதிரைத் தடுக்கும் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். வழுக்கும் மருந்தைப் பிரேக், பெடல், ஸ்டியரிங், டயரின் ரோட்டில் படும் பகுதி, மோட்டார் சைக்கிள் இருக்கை எதிலும் பூசவே கூடாது. பளபளப்புக்காக உயிரோடு விளையாட முடியாது. எல்லாவற்றையும்விட மலிவான மருந்து நிழல்தான். ஒரு மரத்தடி, ஒரு தகரக் கொட்டில், இல்லாவிட்டால் ஒரு உறை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். பலர் இந்த எண்ணெயைப் பூசுவது வாகனத்தைப் பேண அல்ல, விற்க. வாங்குபவர் வருவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் துடைத்து வைப்பார்கள். பம்பர் மட்டுமென்றால் சின்ன விடயம் என்று விடலாம். ஆனால் அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் வாங்குபவர் "வாகனம் வெயிலில் நிற்கவில்லை, நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்" என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். வெளிநாட்டில் உழைத்த பணமாக இருக்கலாம், உம்மாவின் நகையை அடகு வைத்த பணமாக இருக்கலாம்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியிடம் என்ன கேட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அந்தக் கேள்வி. தானியம் விற்கக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. குறையைக் காட்டி விற்கச் சொன்னார்கள். வாகனத்துக்கும் அதே சட்டம்தான்.

அழகாக்கி விற்பது தவறா? தவறில்லை. கழுவுங்கள், நல்ல மருந்து பூசுங்கள், பிறகு வாயைத் திறந்து சொல்லுங்கள்: "பிளாஸ்டிக் வெளுத்திருந்தது, மருந்து பூசியிருக்கிறோம், இந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது." இதைச் சொன்னால் விலையில் கொஞ்சம் குறையலாம். சொல்லாமல் வாங்கும் காசில் பரகத் குறையும். வாங்குபவர்களும் விழித்திருங்கள். வெள்ளைத் துணியால் பம்பரைத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் மற்ற இடங்களையும் நிதானமாகப் பாருங்கள், நம்பிக்கையான ஒரு கராஜ்காரரிடமும் காட்டுங்கள்.

நமது வாகனங்களைப் பேணுவோம். விற்கும்போது சொல்லி விற்போம். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கலில் பரகத் செய்வானாக. ஆமீன்.

வாகனம் வாங்க, விற்க இருக்கும் சகோதரர்களுக்கு எத்திவையுங்கள்.