தொட்டியைக் கழுவும் மீன் என்று ஒன்று கிடையாது

திண்டுக்கல்லில் கலர் மீன் கடைக்குப் போய்ப் புதிதாகத் தொட்டி வாங்குகிறவர் கையில், தங்க மீன்களோடு பெரும்பாலும் ஒரு கறுப்புக் குட்டியும் வந்து சேர்கிறது. சுண்டுவிரல் நீளம், உடம்பு முழுக்கப் புள்ளி, அடிப்பக்கம் வாய். கண்ணாடியில் அட்டையாக ஒட்டிக்கொள்ளும். "டேங்க் கிளீனர் ஒண்ணு போட்டுக்கங்க, தொட்டி கழுவுற வேலையே இல்ல" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். சக்கர் மீன் எனப்படும் இந்தக் குட்டி தொட்டியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை பொய். அதன் கெடுதல் தொட்டியோடு நிற்பதில்லை, நம் கண்மாய் வரைக்கும் போகிறது.

முதலில் சுத்தம் என்பதையே பார்ப்போம். சக்கர் மீன் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது, உண்மைதான். தின்றது எங்கே போகிறது? நீளநீளமான எச்சமாக அதே தண்ணீருக்குள்தான் விழுகிறது. செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. அதனால் கண்ணாடி பளபளக்கும்போதே தண்ணீர் நஞ்சாகிக்கொண்டிருக்கும். மற்ற மீன்களின் கழிவை இது தின்பதும் இல்லை. பாசி வருவது வெயில் படும் ஜன்னலோரத்தில் தொட்டியை வைப்பதாலும் அளவுக்கு மீறித் தீனி போடுவதாலும்தான். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு பெரிய வயிற்றைத் தொட்டிக்குள் இறக்கினால் அழுக்கு கூடுமே தவிரக் குறையாது. தண்ணீருக்கே தட்டுப்பாடான ஊரில் தொட்டி கழுவ முடியுமா என்று கேட்கலாம். இரண்டடித் தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை கால்பங்கை மாற்றினால் போதும், ஒரு குடம் தண்ணீர். எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

அடுத்தது அளவு. சக்கர் மீனின் பூர்வீகம் அமேசான், ஒரினோகோ ஆறுகள் ஓடும் தென் அமெரிக்கா. அங்கே ஒன்றரை அடி வரை வளர்கிற மீன் இது. நம் வீட்டுத் தொட்டியின் அகலமே ஓரடி. அதில் இந்த மீன் திரும்பக்கூட இடமில்லை. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்புகளில் கெட்டியான முள். வளர வளர ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு மற்ற மீன்களை அண்டவிடாது. இரவில், அசையாமல் நிற்கும் தங்க மீனின் மேல் ஒட்டி, அதன் தோலின் வழவழப்பையே உறிஞ்சும். காலையில் செதில் உதிர்ந்து, விலாவில் சிவந்த புண்ணோடு மீன் மிதக்கும். வீட்டுக்காரர் நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுகிறார்.

மீன் பெரிதானதும் கொல்ல மனம் வராமல், பக்கத்துக் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் ரெட்டேரியைப் பார்க்க வேண்டும். கலர் மீன் வணிகத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரை ஒட்டிய ஏரி அது. அங்கே கெண்டைக்கு வீசிய வலையில் சக்கர் மீன் ஏறுவதும், அதன் முள்ளில் வலை கிழிவதும் பல ஆண்டுக் கதை. அமேசானிலிருந்து அது தானாக நீந்தி வரவில்லை, மனிதர்கள் வளர்த்த இடத்திலிருந்துதான் போனது. தொட்டி மீன் வெளியே பிழைக்காது என்பவர்களுக்கும் ரெட்டேரிதான் பதில். ஆக்சிஜன் குறைந்த சாக்கடைத் தண்ணீரிலும் காற்றை விழுங்கி இரைப்பையால் மூச்சு விடும் மீன் இது. கரையில் எறிந்தாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். பிடித்துத் தின்று தீர்த்துவிடலாம் என்பவர்களும் ரெட்டேரி மீனவர்களைத்தான் கேட்க வேண்டும்: தகட்டை உரித்தால் மிஞ்சும் சதை கொஞ்சம், வாங்க ஆளில்லை. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளையும் இதே மீன்தான் நிரப்பியது. வங்கதேசம் 2023இல் இதற்குத் தடையே போட்டது.

திண்டுக்கல் சமவெளிக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. இந்த மீன் முட்டையிட மண்கரையில் ஒரு மீட்டர் ஆழம் வரை வளை தோண்டும். நம் கண்மாய்க் கரைகள் எல்லாம் மண். அந்தக் கரையை அரிக்கும் மீனை நாமே கொண்டுபோய் விடுவதா? கோடையில் நத்தம், சாணார்பட்டிப் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடக்கிறது. சேற்றில் ஊத்தாக் கூடையை அமுக்கி, மேல் வாய் வழியே கையை விட்டுத் துழாவுகிறவர் விராலையும் கெளுத்தியையும் எதிர்பார்க்கிறார். அந்தக் கையில் முள் தகடு தட்டுப்படும் நாள் வரக்கூடாது. ஊருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணைக்கும் இதே கவலைதான். ஓடையில் விட்டது ஓடையோடு நிற்காது.

வெளியூர் உயிரை யோசிக்காமல் உள்ளே விடுவது நமக்குப் புதிதல்ல. விறகுக்கும் வேலிக்கும் என்று வந்த சீமைக்கருவேலம் கண்மாய்க்குள்ளேயே காடாகி நிற்கிறது. ஆகாயத்தாமரை குளங்களை மூடிக்கிடக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000இல் மத்திய அரசு தடை செய்தது. அதன் பிறகும் திருட்டுத்தனமாக வளர்த்த பண்ணைகளை அதிகாரிகள் அழிக்க வேண்டியிருந்தது. வாஸ்து மீன் வாங்கினால் காசு கொட்டும் என்று நம்புகிற அதே மனம்தான், சக்கர் மீன் வாங்கினால் வேலை குறையும் என்றும் நம்புகிறது. உயிரை வேலைக்காரனாகவும் அதிர்ஷ்டச் சீட்டாகவும் பார்க்கும் இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

கடைக்காரர்கள், குட்டியை விற்கும்போதே அது எவ்வளவு பெரிதாகும் என்று சொல்லுங்கள், வளர்ந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்கள், பத்து நிமிடம் ஸ்பாஞ்சால் கண்ணாடியைத் துடையுங்கள். ஏற்கெனவே சக்கர் மீன் வைத்திருந்தால் அதைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுங்கள், இல்லையென்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குளத்திலோ கண்மாயிலோ விடாதீர்கள்.