தொடர்பு அறுபடலாகாது

பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் மதுரையிலும் ஒரே வகுப்பில் படித்து, பிழைப்புக்காக மும்பை வந்து சேர்ந்த தமிழர்கள் பலர் இன்று பணி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் மாதுங்காவில் இருப்பார். மற்றவர் முலுண்டில் இருப்பார். மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஒருவர் காலமான செய்தி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகே மற்றவர் காதுக்கு எட்டுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகள் இந்நகரில் அரிதல்ல. இது வருந்தத்தக்கது, மனம் வைத்தால் தவிர்க்கக் கூடியதும் ஆகும்.

தொடர்பு விட்டுப்போனதற்குக் காரணங்கள் உண்டு. கல்லூரியின் கடைசி நாளில் ஆட்டோகிராஃப் நோட்டில் எழுதித் தந்த முகவரிதான் பலரிடம் இருக்கிறது. பின்கோடு முறை வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல்தான். அதற்கு முந்திய நோட்டுகளில் அந்த எண்கூட இராது. அந்த விலாசத்தைத் தேடிப் போனால், பழைய சால் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. 1982இல் தொடங்கிய துணி ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலையோடு வேலையையும், வேலையோடு வீட்டையும் இழந்து இடம் மாறியவர்கள் உண்டு. சாவுச் செய்தியைச் சுமந்து வந்த தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. உடன் படித்த பெண்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். தந்தையின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்ததும், பழைய பட்டியலில் உள்ள பெயர் யாருக்கும் உதவுவதில்லை.

சுருக்கெழுத்துச் சான்றிதழைத் தவிரக் கையில் ஒன்றுமில்லாமல் தாதரில் வந்து இறங்கியவருக்கு, தன் அறையில் பாய் விரிக்க இடம் கொடுத்தவர் வகுப்புத் தோழர். அலுவலகத்தில் இடம் காலி என்று கார்டு போட்டவரும் அவரே. இளமையில் கிடைத்த அந்தத் துணை முதுமையில் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அலுவலகச் சிநேகம் பெரும்பாலும் ஓய்வு நாளோடு முடிகிறது. பிள்ளைகள் வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். நம்மைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைக்க மிஞ்சியிருப்பவர்கள் உடன் படித்தவர்கள்தான்.

இது வெறும் மன ஆறுதல் பற்றிய பேச்சு அன்று. அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 2014 முதல் அதை மின்னணு முறையிலும் தரலாம் என்பது தெரியாமல், நடக்க முடியாதவர்கள் வங்கி வரிசையில் நிற்கிறார்கள். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது. எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று அறியாத விதவைக்கு, கணவரோடு படித்த ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் அரை நாள் கூட வந்தால் போதும். ஆனால் அவர் எண் அந்த அம்மையாரிடம் இருக்க வேண்டுமே!

கைபேசியில் குழு வைத்திருக்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். நல்லதுதான். ஆனால் அதில் நாள்தோறும் வணக்கப் படங்கள் வந்து குவிகின்றனவே தவிர, மூன்று மாதமாகப் பேசாமல் இருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஒன்றுகூடல் விழாக்களின் போக்கும் கவலை தருகிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதை ஒட்டிய வருமானத்தில் காலம் தள்ளுபவர், தலைக்கு 2,000 ரூபாய் வசூலிக்கும் விழாவுக்கு எப்படி வருவார்? உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார். யாருக்குத் தோழமை அதிகம் தேவையோ அவரே விடுபட்டுப் போகிறார்.

ஆகவே நாம் சொல்வது எளிய யோசனை. ஒவ்வோர் ஆண்டு வகுப்பிலும் இருவர் பொறுப்பேற்று ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். பெயர், பழைய இனிஷியல், புதிய இனிஷியல், பின்கோடுடன் முகவரி, தொலைபேசி எண், வீட்டில் இன்னொருவரின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். ஒரு பிரதி ஒவ்வொருவர் வீட்டிலும் மனைவி மக்களுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை, மௌனமாக இருப்பவர்களை யாராவது அழைத்து நலம் விசாரிக்கட்டும். கூடுவதானால் செலவில்லாத இடத்தில் கூடட்டும். கடன் கொடுக்கல் வாங்கலையும் கட்சிச் சண்டையையும் இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

கல்லூரி வாசலை மிதியாதவர்களுக்கும் இது பொருந்தும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டு ஆலைக்கும் பட்டறைக்கும் வந்தவர்களுக்குப் பள்ளித் தோழர்கள் இருக்கிறார்கள்.

நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நெடுநாள் நட்பின் உரிமையைச் சொல்லப் 'பழைமை' என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். அந்த உரிமை, தோழரின் துன்பச் செய்தியை உரிய காலத்தில் அறியும் உரிமையும் ஆகும். வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டோகிராஃப் நோட்டைத் தேடி எடுத்து, அதிலுள்ள ஒருவரையாவது கண்டுபிடிக்க நம் வாசகர்கள் முன்வருவார்களாக.