இரண்டு வளையலும் ஒரு பாலிஷ் மெஷினும்

என் மச்சினன் வீட்டுக்கு வந்து, காபியைப் பாதி குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, நீங்க பி.காம்.தானே?" என்று கேட்டால் எங்கேயோ பணம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். பட்டம் வாங்கிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் அதை ஞாபகம் வைத்திருக்கும் ஒரே ஜீவன் அவன்தான்.

ராயபுரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு கார் வாட்டர் வாஷ் செய்கிறான். வெறும் தண்ணீர் அடித்துக் கொடுத்தால் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகப் போய்விடுகிறதாம். இனிமேல் 'பெயின்ட் கரெக்‌ஷன்' செய்யப் போகிறானாம். அதற்கு ஒரு மெஷின் வேண்டும். சாதாரண மெஷின் இல்லை, 'கியர் டிரிவன் ஆர்பிட்டல் பாலிஷர்'. விலையைச் சொன்னான். ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

"அக்கா ரெண்டு வளையல் தரேன்னு சொல்லிட்டாங்க மாமா. பாங்க்ல வெச்சிக்கலாம். நீங்க கணக்கு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

சமையலறையிலிருந்து சத்தமே இல்லை. குக்கர்கூட விசில் அடிக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தது.

முதலில் இந்தத் தொழிலுக்கு ராயபுரத்தில் வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தேன். ஸார், இந்தத் தொழிலுக்கென்றே ஆண்டவன் படைத்த ஊர் அது! 1856இல் ரயில்வே ஸ்டேஷன் வந்த பேட்டை. ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் துறைமுகம், கொஞ்சம் தள்ளி காசிமேடு, வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை கன்டெய்னர் லாரி வரிசை. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இறங்கிய காலத்தில், மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலையில் ஐயப்ப பக்தர் வேட்டியாகத் திரும்பும். 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்தச் சரக்கையெல்லாம் எண்ணூருக்கு அனுப்பியது. கரி குறைந்தது. உப்புக் காற்று எந்தக் கோர்ட்டுக்கும் கட்டுப்படவில்லை. லாரிப் புழுதியும் அப்படித்தான்.

ஆனால் காரைக் கெடுப்பது காற்று மட்டும் இல்லையாம். மச்சினன் ஒரு கருப்புக் காரை வெயிலில் நிறுத்திக் காட்டினான். பானெட் முழுக்கச் சிலந்தி வலை போலப் பொடிப் பொடிக் கோடுகள்.

"இது எப்படி வந்திச்சு தெரியுமா மாமா? காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி மஞ்சத் துணியால டப் டப்புனு தட்டித் துடைக்கறாங்களே, அதுதான். மேல உக்காந்திருக்கறது மணலு, இரும்புத் தூளு. அதை வெச்சே தேய்க்கறாங்க. உப்புத்தாள் போட்ட மாதிரி."

ஏறக்குறைய தினமும் காலையில் என் காரை அப்படித்தான் துடைக்கிறேன். சொல்லவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். பாலிஷ் மெஷினில் மூன்று ஜாதி. முதலாவது ரோட்டரி. ஒரே அச்சில் கரகரவென்று சுற்றும். வேகமாக வெட்டும், சூடும் அதிகம். கை பழகாதவன் பிடித்தால் வெயிலில் வட்ட வட்டமாக நிழல் தெரியும். 'ஹாலோகிராம்' என்கிறார்கள்.

மற்ற இரண்டையும் புரிந்துகொள்ள தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போக வேண்டும். அங்கே கப் அண்ட் சாஸர் ராட்டினம் இருக்குமே, பெரிய தட்டும் சுற்றும், அதன் மேல் இருக்கும் கோப்பையும் தனியாகச் சுற்றும். ஆர்பிட்டல் மெஷினும் அதே மாதிரிதான். பேட் ஒரு சின்ன வட்டமாகத் துடித்துக்கொண்டே தானும் சுற்றுகிறது. ஒரே கோட்டில் போகாததால் ஹாலோகிராம் விழுவது அபூர்வம்.

இதில் ஃப்ரீ ஸ்பின் என்பது கோப்பையைச் சும்மா பேரிங்கில் விட்டிருப்பது. குழந்தைகள் உட்கார்ந்தால் ஜாலியாகச் சுற்றும். நம்ம மாமா ஒருவர் ஓரமாக உட்கார்ந்தால்? கோப்பை நின்றுவிடும், தட்டு மட்டும் சுற்றும். பாலிஷரிலும் இதே கதைதான். சமதளத்தில் நன்றாகச் சுற்றும். மட்கார்டு வளைவிலோ கதவு மடிப்பிலோ வைத்து அழுத்தினால் பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுவது நின்று, வெறுமனே துடிக்கும். துடிப்பில் கோடு போகாது. மெஷின் சத்தம் போடுவதால் வேலை நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். (சில ஆபீஸ்களில் சில பிரிவுகள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பேட் மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். கோடு தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் பேட் நின்றுவிட்டது என்று பொருள்.

கியர் டிரிவனில் கோப்பைக்குக் கீழே பல் சக்கரம் வைத்துவிட்டார்கள். எத்தனை மாமா உட்கார்ந்தாலும் சுற்றியே தீரும். அதற்குத்தான் அந்த விலை.

இந்த ரகத்தில் மச்சினன் மூன்று பெயரைச் சொன்னான். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் எக்ஸ்.சி. 3401. இத்தாலியின் ரூபெஸ் மில்லே. ஜப்பான் கம்பெனி மகிட்டாவின் பி.ஓ. 5000சி. (ஜெர்மனியில் ஆங்கிள் கிரைண்டரால் அறுப்பதற்கே 'ஃபிளெக்ஸன்' என்று சொல்வார்களாம், நாம் எந்தக் கம்பெனி மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்பது போல.) துடிக்கிற வட்டத்தின் குறுக்களவை 'த்ரோ' என்கிறார்கள். ஃபிளெக்ஸில் 8 மில்லிமீட்டர், மில்லேயில் 5, மகிட்டாவில் 5.5.

மூன்று மில்லிமீட்டருக்கா இவ்வளவு பேச்சு என்றுதான் நானும் கேட்டேன். ஃபிளெக்ஸ் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 9,600 தடவை துடித்து 480 தடவை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 20 துடிப்பு. மகிட்டா 6,800 துடிப்பு, 780 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. துடிப்பு குறைந்து சுற்று கூடினால் குணம் ரோட்டரி பக்கம் போகிறது: வெட்டு அதிகம், கையில் அதிர்ச்சி குறைவு. துடிப்பு கூடினால் முடிவு நைஸாக இருக்கும். ஆனால் அந்த 8 மில்லிமீட்டர் ஆட்டம் தோள்பட்டை வரை வரும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மெஷின் நம்மையே இழுத்துக்கொண்டு போகும், புதிதாக வாங்கிய ராஜபாளையம் நாய் மாதிரி. எடை 2.6 கிலோ. கேட்க லேசுதான். ஒரு நாள் முழுக்கப் பிடித்திருப்பவனைக் கேட்க வேண்டும். மகிட்டாவில் இன்னொரு வசதி, ஒரு ஸ்விட்ச். அதைத் திருப்பினால் கியர் விலகி ஃப்ரீ ஸ்பின் ஆகிவிடும். ஒரே மெஷினில் இரண்டு சுபாவம். கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின்!

கேட்டலாக் பார்த்து வளையலை அடகு வைக்க முடியுமா? புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய கார் சாமான் கடையில் ஒரு கருப்பு பானெட் பேரம் பேசி வாங்கி, ஆட்டோவில் போட்டு ராயபுரம் கொண்டுவந்தோம். திருவொற்றியூரில் பெயின்ட் வேலை செய்யும் மச்சினனின் நண்பன் மூன்று ஜாதியிலும் ஒவ்வொரு மெஷின் ஒரு நாளைக்குக் கொடுத்தான். (அந்தப் பக்கம் பெயின்ட் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு. புல்லட் டாங்கில் தங்கக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த ஊராயிற்றே!)

பானெட்டை நன்றாகக் கழுவி, மாஸ்கிங் டேப்பால் மூன்று பாகம் பிரித்தோம். அப்பா சொத்தைப் பிரித்தபோதுகூட அவ்வளவு துல்லியம் இல்லை.

ரோட்டரி பாகத்தில் கோடு சீக்கிரம் போனது. வெயிலில் பார்த்தால் நிழல் நிழலாக ஹாலோகிராம். ஃப்ரீ ஸ்பின் பாகத்தில் சமதளம் கண்ணாடி. நடு மடிப்பில் மார்க்கர் கோடு அப்படியே நின்றது, சிலந்தி வலையும் அப்படியே இருந்தது. கியர் மெஷின் மடிப்பு, வளைவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடியது. மச்சினன் முகத்தில் வெற்றிப் புன்னகை.

"குடுடா, நானும் ஒரு கை பாக்கறேன்" என்றேன். ஆடிட்டர் ஸ்டாக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

பானெட் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போகாமல் அடம் பிடித்தது. அழுத்தினேன். மெஷின் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்போதும் நிற்கவில்லை. "மாமா! மாமா!" என்று மச்சினன் கத்தியது மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் பிரைமர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்த ஒரு ரூபாயில்தான். ஃப்ரீ ஸ்பின் மெஷினில் நாம் தப்பாக அழுத்தும்போது அதுவே நின்றுவிடுகிறது. இது நிற்காது. எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோமோ, அதேதான் ஆபத்தும். நிறுத்த வேண்டியவன் மெஷினைப் பிடித்திருப்பவன். அவனுக்கு எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

"பெயின்ட் மொத்தம் எவ்வளவு கனம்டா?"

"கம்பெனி பெயின்ட் சுமாரா 100லேர்ந்து 130 மைக்ரான் மாமா. அதுல மேல இருக்கற கிளியர் கோட் 40, 50தான்."

தலைமுடி ஒன்றின் கனமே சுமார் 70 மைக்ரான். முடியை விட மெல்லிசான அந்தக் கிளியர் கோட்டைத்தான் ஒவ்வொரு பாலிஷிலும் சில மைக்ரான் சுரண்டி எடுக்கிறார்கள். வெயிலைத் தாங்குவதும் அதுதான். ஒழுங்காகச் செய்யும் ஆளே இரண்டு, மூன்று மைக்ரான் எடுப்பானாம். ஓரங்களில் பெயின்ட் இன்னும் மெல்லிசு. என் பி.காம். மூளைக்கு உடனே விளங்கியது. கிளியர் கோட் என்பது ஒரு ஃபிக்சட் டெபாசிட். கம்பெனி ஒரே தடவை போட்டதுதான். வட்டி கிடையாது. அதற்கப்புறம் எடுக்கத்தான் முடியும், போட முடியாது. பாஸ்புக்கே பார்க்காமல் ஆளாளுக்குச் செக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்!

"பாக்கி எவ்வளவுன்னு பாக்க ஏதாவது வழி இருக்கா?"

"கேஜ் இருக்கு மாமா, மேல வெச்சா மைக்ரான் காட்டும். அது தனிச் செலவு. அப்புறமா வாங்கிக்கலாம்னு..."

"அது முதல்ல. மெஷின் அப்புறம்."

அதுதான் என் கண்டிஷன். மெஷினில் மகிட்டாவையே எடுக்கச் சொன்னேன், ஸ்விட்ச் இருப்பதால். மற்ற இரண்டும் மட்டம் என்று அர்த்தமில்லை; ஒரே மெஷின் வாங்கப் போகிறவன் தேவைப்பட்டால் தானாக நிற்கிற பக்கமும் திருப்பிக்கொள்ளட்டும் என்றுதான். பேட், காம்பவுண்ட் எல்லாம் சேர்த்துக் கணக்கெழுதினால் ஒன்றரை வளையலில் முடியும் என்று நினைத்தது இரண்டிலும் முடியவில்லை. மீதியை யார் போட்டது என்று கேட்காதீர்கள்.

மெஷின் வந்து, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நாலாம் நாள் போன் வந்தது.

"மாமா, முதல் பார்ட்டி. ஹார்பர்ல ரிடையரானவரு. கருப்புக் கார். அடுத்த வாரம் பேத்தி கல்யாணமாம், முழு கரெக்‌ஷன் கேக்கறாரு. முழுப் பணமும் குடுத்துட்டாரு." குரலில் சந்தோஷம் இல்லை. "கூரையில 115 காட்டுது. கதவுல 110. பானெட்ல 68 மாமா. ஓரத்துல 55."

"ஏன்டா?"

"வருஷா வருஷம் எங்கியோ ரோட்டரி போட்டுத் தேய்ச்சிருக்காங்க. கல்யாணம் வரைக்கும் பளபளன்னு இருக்கும். அப்புறம் வெயில்ல வெளுத்து உரியும். செஞ்சிட்டா அவருக்குத் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?"

மாசக் கடைசி. வளையலுக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி வேறு. நான் பதில் சொல்லாமல், "இரு, வரேன்" என்று கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் மச்சினன் அவரிடம் சொல்லியே விட்டிருந்தான்.

பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "இன்னாபா இது, புச்சா மிசின் வாங்கிக்கினு பானெட்ல மட்டும் வேல செய்ய மாட்டேன்றே?"

மச்சினன் கேஜை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் நம்பவில்லை. கூரையில் வைத்தார், கதவில் வைத்தார், பானெட்டில் பத்து இடத்தில் வைத்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் காரில் வைத்தார். அரை மணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்போ இத்தினி வருசமா துட்டு குடுத்துத் தோலை உரிச்சிக்கினேனா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"சரி வுடு. கதவு, பின்னாடி, மேல எல்லாம் சோக்கா பண்ணிடு. பானெட்ல கோடு இருந்துட்டுப் போவட்டும். மாலை போட்டா மறைஞ்சிடும்."

பானெட்டில் ஸ்விட்சை ஃப்ரீ ஸ்பின்னுக்குத் திருப்பி, மெல்லிசான ஸ்பாஞ்ச் பேடில் ஒரே ஒரு தரம் லேசாக ஓட்டினான். பாதிக் கோடு இருந்தது. பானெட் கூலியைக் கழித்து மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தான். பெரியவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது டிக்கியிலிருந்து ஒரு மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது.

"ஐயா, அதைத் தூக்கிப் போட்டுடுங்க. கோடு போட்டதே அதுதான்."

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கண்ணாடி தொடைக்க ஆவும்ல?"

இப்போது அவர் சொல்லி அனுப்பியதாக இரண்டு கார் வந்திருக்கிறது. வளையல் இன்னும் பாங்கில்தான். ஒரு நாள் மச்சினன் வீட்டுக்கு வந்தபோது கேஜை டேபிள் மேல் வைத்திருந்தான். என் மனைவி அதை எடுத்துத் தன் கையில் கிடந்த கவரிங் வளையலில் வைத்துப் பார்த்தாள்.

"இது பெயின்ட் கனத்தைத்தான் அளக்கும். தங்கத்தை அளக்காது" என்று விளக்கினேன்.

"தெரியும். அதை அளக்கறதுக்குத்தான் பாங்க்ல ஆள் இருக்கே" என்றாள்.