அஸருக்குப் பின் கடைத்தெரு



ரமலான் மாதத்தில் நம் வீடுகளில் உணவுச் செலவு குறைய வேண்டும். மூன்று வேளை உண்டவர்கள் இரண்டு வேளை உண்கிறோம் அல்லவா? ஆனால் மளிகைக் கடையின் பற்றுக் கணக்கைப் பார்த்தால், ஆண்டிலேயே பெரிய தொகை அம்மாதத்தில்தான் நிற்கிறது. பகலெல்லாம் வாயைக் கட்டிய நாம் எங்கே தவறுகிறோம்? அஸர் தொழுகைக்கும் மக்ரிப் பாங்குக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் என்பது என் எண்ணம்.

அந்நேரம் பள்ளிவாசல் தெருவில் நடந்து பாருங்கள். சட்டியிலிருந்து சமோசாவை அரித்தெடுத்துக் கொட்டுகிறார்கள். பக்கத்தில் கடல்பாசி துண்டு துண்டாக மின்னுகிறது. ரோஸ்மில்க், நன்னாரி சர்பத், தர்பூசணி, ஜிலேபி... பையைப் பிடித்திருப்பது நம் கைதான், வாங்குவது பசி.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் வாங்கினேன். அன்று காலை மதரஸாவில் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருந்தேன். உண்ணவும் பருகவும் அனுமதித்துவிட்டு, அதே மூச்சில் வீண்விரயத்தைத் தடுக்கும் வசனம். மாலையில் அதே ஆசிரியர் பத்து சமோசா, ஒரு பொட்டலம் பஜ்ஜி, அரைக்கிலோ ஜிலேபி, முழுத் தர்பூசணி ஒன்று ஆகியவற்றைச் சுமந்து வீடு வந்தார். வீட்டிலோ பள்ளிவாசல் கஞ்சி தூக்குச்சட்டி நிறைய இருந்தது. மனைவி வாடாவும் சுட்டு வைத்திருந்தார். உண்பவர்கள் ஐவர். இரண்டு பேரீத்தம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் உள்ளே போனதும் வயிறு போதும் என்றது.

ஸஹருக்கு எழுந்தபோது பஜ்ஜி நமத்துக் கிடந்தது. “பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடேன்” என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். “நாம திங்காததையா அவங்களுக்குக் கொடுக்கச் சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டார். நானே எடுத்துச் சென்று குப்பையில் கொட்டினேன். பிறகு கணக்குப் பார்த்தேன். நாளொன்றுக்கு 150 ரூபாய் என்றாலும் 30 நாளில் 4,500 ரூபாய். பெருநாளன்று எங்கள் ஐவருக்காகவும் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஃபித்ரா இதில் ஒரு சிறு பகுதிதான்.

என் வீட்டில் மட்டும் நடப்பதன்று இது. 2022-இல் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே சென்றதாகவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் தெரிவித்தது.

இப்போது எங்கள் வீட்டில் வாங்க வேண்டியவற்றை ஸஹர் உணவு முடிந்ததும் எழுதிவிடுகிறோம். வயிறு நிறைந்திருக்கும்போது எழுதும் பட்டியல் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியதாக இருக்கும், சோதித்துப் பாருங்கள். எழுதுபவர் சமைப்பவராகவே இருக்கட்டும். கடைக்குப் போகிறவர் பட்டியலுக்கு உரிய பணத்தை மட்டும் எடுத்துச் செல்லட்டும். கைப்பேசியில் உணவு தருவிக்கும் வீடுகளும் அஸருக்குப் பின் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வாங்குவது இப்படியென்றால், உண்பதற்கும் ஒரு வழி நம்மிடமே இருக்கிறது. பேரீத்தம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, மக்ரிப் தொழுதுவிட்டு வந்து உணவில் அமர்வது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும் என்பார்கள் மருத்துவர்கள். தொழுதுவிட்டு வருபவருக்கு அந்த அவகாசம் தானாகவே கிடைக்கிறது. நம்மில் பலரோ பலகாரத் தட்டு காலியான பிறகே தொப்பியைத் தேடுகிறோம். பேச்சிலும் கைப்பேசியிலும் கண்ணிருக்க, எத்தனை வாடா உண்டோம் என்பதே தெரிவதில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறிற்று. சர்பத்தை ஊற்றுமுன் வீட்டுப் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சகோதரர்களுக்கு. மாலை மூன்று மணிக்கே அடுப்படியில் நுழையும் பெண்ணும் நோன்பாளிதான். மூன்று வகை பொரித்தது கேட்டால், அவர் குர்ஆன் ஓத நினைத்திருந்த நேரத்தைத்தான் கேட்கிறோம்.

பெருநாளன்று வீடு வீடாகச் செல்லும்போது மறுப்பது கடினம். ஒரு வாய் உண்ணாவிட்டால் மனம் நோவார்கள். நம் உம்மாமார் வட்டிலப்பத்தைச் சிறு துண்டாகத்தான் வெட்டி வைப்பார்கள். விருந்தாளிக்கு மேலும் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்வார். தட்டு நிறைய அடுக்கி, பாதியை மிச்சம் வைக்கச் செய்யும் வழக்கம் பிற்பாடு வந்தது.

சென்ற ரமலானில் பட்டியலுடன் என் மகள் உடன் வந்தாள். “ஐந்து சமோசா” என்று படித்தாள். கடைக்காரர் ஐந்தைப் பொட்டலம் கட்டிவிட்டு, “இன்னும் ஒரு அஞ்சு போடட்டுமா ஹஜ்ரத்? சூடா இருக்கு” என்றார். சூடாகத்தான் இருந்தது, மணமும் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவள் பட்டியலை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாள்.